உகாய் மரத்துப் பட்டாம்பூச்சி

பணிமாற்றம் பெற்று நான் வாழும் இராஜஸ்தானத்தின் வறண்ட பாறைநிலத்தில், கடும் வெயிலிலும் தரையை ஒட்டிப் பறக்கிறது ஒரு சிறு பட்டாம்பூச்சி. இளஞ்சிவப்புச் சிறகும் கரிய ஓரமும் உடையது; ‘ஸ்மால் சால்மன் அராப்’ எனப்படுவது. இங்குள்ளோர் ‘பீலு’ என்றழைக்கும் மரத்தின் இலைகளில் அது முட்டைகளைக் கூட்டமாக இடும். அவ்விலைகளே புழுக்களுக்கு உணவு.

அம்மரம் நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் பாலைநிலப் பாடல்களில் ‘உகாய்’ எனக் குறித்தது அதனையே. தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் அம்மரமும் அப்பட்டாம்பூச்சியும் வாழ்கின்றன.

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பருகே நின்ற உகாயைப் பயனற்ற புதரென்று வெட்டிவிட்டனர். அடுத்த பருவத்தில் அங்கே அச்சிறகுகளைக் காணவில்லை.

மாணவர்களே, இன்னொரு மரம் வெட்டுண்ணும்முன் அதன் பெயரையும் பயனையும் எடுத்துரையுங்கள். பீலு என்றும் உகாய் என்றும் உங்களால் சொல்ல இயலும்.