பதினொரு பிடி உப்பு

14 பிப்ரவரி 2025, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் ஜமாத் கூட்டம். பராஅத் இரவு போயாயிற்று, நோன்புக்கு இன்னும் பதினைந்து நாள்தான். ஃபேன் ரிப்பேர், தராவீஹ் தொழவைக்க வரும் ஹாஃபிழுக்குத் தங்க அறை என்று ஒரு மணி நேரம் ஓடியபின் கடைசியாக நோன்புக் கஞ்சிக்கு வந்தார்கள். கஞ்சி ஆக்கும் பண்டாரி காக்காவால் இந்த வருஷம் முடியாது. ஐப்பசியில் வந்த வாதத்தில் பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகத் துடுப்பு பிடித்த கை அது. யார் பார்த்துக்கொள்வது என்று முத்தவல்லி கேட்டதும் எல்லோரும் பாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் அந்த நேரம் பார்த்து நிமிர்ந்திருந்தேன் போல. பொறுப்பு என் தலையில்.

இன்னொரு பேச்சும் வந்தது. செலவு கூடிப்போச்சு, மஹல்லா அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் டோக்கன் போட்டுக் கஞ்சி கொடுக்கலாம் என்று. அஸருக்குப் பின் தூக்குவாளியோடு மதிலோரம் நிற்பவர்களில் பாதிப்பேர் பின்தெருவும் மீனவர் தெருவும்தான். பிள்ளைக்கு வயிறு சரியில்லை, கொஞ்சம் கஞ்சி கொடுங்க பாய் என்று வருகிறவளிடம் அட்டை கேட்க எனக்கு வாய் வராது. நான் பொறுப்பு என்றால் டோக்கன் கிடையாது என்றேன். பொறுப்புக்கு வேறு ஆள் இல்லாததால் சரி என்றார்கள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

கஞ்சிக்கொட்டகையைத் திறந்தோம். ஒரு வருஷத்துத் தூசியும் ஒரு பூனைக் குடும்பமும். கஜாவில் பறந்துபோன தகரத்துக்குப் பதில் போட்ட கூரை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. 2018 நவம்பரில் அடித்த புயல், அடுத்த ரமலானுக்குள் கொட்டகை எழும்பிவிட்டது. ஊரில் பல வீடுகளுக்கு அதற்குப் பிறகுதான் கூரை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு செப்புத் தேக்சாவிலும் ஈயம் போய், அடியில் செம்பு சிவந்து தெரிந்தது. தக்காளி போட்டுக் கொதிக்கவிட்டால் களிம்பு இறங்கும். பட்டுக்கோட்டையிலிருந்து ஈயம் பூசுகிறவரை வரவழைத்தோம். இந்த வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள், இவரே எழுபதைத் தொட்டவர். குழி வெட்டிக் கரி மூட்டி, துருத்தி மிதித்து, தேக்சாவைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் சூடேற்றினார். நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவியதும் வெள்ளைப் புகை கிளம்பி எல்லோரும் இருமினோம். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் கம்பியை இரண்டு இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்று துடைத்தார். சிவப்பாக இருந்த இடமெல்லாம் ஒரே நொடியில் நிலா மாதிரி வெள்ளை. மதரஸாப் பிள்ளைகள் குனிந்து முகம் பார்த்துக்கொண்டார்கள். கூலி கேட்டபோது, கஞ்சிச் சட்டிக்குப் பாதி போதும் என்றார். முழுசாகக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

18 பிப்ரவரி, செவ்வாய்

நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு காக்கா வீட்டுக்குப் போனேன். கூடவே எங்கள் வீட்டு எலக்ட்ரானிக் தராசு.

ஒரு தேக்சாவுக்கு நொய் பதினைந்து கிலோ, சிறுபருப்பு இரண்டு கிலோ, வெந்தயம் கால் கிலோ. இதெல்லாம் மளிகைச் சீட்டிலேயே இருக்கிறது. தண்ணீர்?

"பாத்து ஊத்துறதுதான்."

"எத்தனை குடம் காக்கா?"

"மொதல்ல ஏழு. அப்புறம் அது கேக்கும்."

கஞ்சி தண்ணீர் கேட்குமாம். நோட்டில் "7 + கேட்கும்" என்று எழுதிக்கொண்டேன்.

உப்புக்கு வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. எந்தச் சமையலிலும் கடைசியில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது வழக்கம். நோன்புக் கஞ்சியில் அது கிடையாது. ஆக்குகிறவர் நோன்பாளி. லுஹருக்குப் பின் அடுப்பு மூட்டி அஸருக்குள் இறக்குகிற கஞ்சியை மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவர் வாயில் வைக்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், அதற்கு அனுமதி உண்டு என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். காக்கா ஒருநாளும் செய்ததில்லை. முப்பது நாளும் ருசி பார்க்காமல் எழுநூறு பேருக்குச் சமையல், வருஷா வருஷம்.

"பதினொரு பிடி" என்றார். யாருடைய பிடி?

கல்லுப்பு ஜாடியைக் கொண்டுவரச் சொல்லி, தராசை முன்னால் வைத்தேன். இடது கையால் அள்ளினார். 70 கிராம். மறுபடி, 74. மறுபடி, 71. என் பிடியைப் போட்டேன், 58. காக்காவுக்குச் சிரிப்பு. "வலக்கையில இன்னுங் கொஞ்சம் நிக்கும்" என்றவர் மடியில் கிடந்த அந்தக் கையை ஒருதரம் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டேன். 850 கிராம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

வெள்ளோட்டம். அடிப்பிடித்தது.

சிங்கப்பூர் மாமா பணம் அனுப்பி வாங்கிய கேஸ் அடுப்பு இந்த வருஷம்தான் புதிது. இதுவரை புளிய விறகு. 2004-இல் நோன்பு ஐப்பசி மழையில் வந்தபோது நனைந்த விறகை ஊதி ஊதிக் கண் வீங்கியவர்களில் நானும் ஒருவன், அதனால் கேஸுக்கு முதல் ஓட்டு நான்தான் போட்டேன். ஆனால் விறகுத் தணல் அடி முழுக்கப் பரவும். கேஸ் நடுவில் மட்டும் சீறும். ஐந்து கிலோ நொய்தானே என்று தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டு வெங்காயக் கணக்குப் பார்க்கத் திரும்பினேன். பருப்பும் வெந்தயமும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டன. துடுப்புப் பிடித்த பையன் மேலே மேலே கிண்டியிருக்கிறான். வாசனை வந்தபோது அடியில் ஒரு தட்டு அளவுக்குக் கருகல். மேலாக இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றியும் தீய்ந்த வாடை போகவில்லை. மதரஸாப் பிள்ளைகள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார்கள்.

மாமா இரவு ஃபோனில் அடுப்பு எப்படி என்றார். நல்லா எரியுது என்றேன், பொய்யில்லை. அங்கே சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளியிலும் ஏற்பாடு நடக்கிறதாம். நம் பக்கத்துச் சூலியா ஆட்கள் 1826-இல் எழுப்பிய பள்ளி அது. அங்கே போனவர்கள் தொழுகையோடு கஞ்சியையும் கொண்டுபோயிருக்கிறார்கள். "நம்ம ஊருக் கஞ்சி மாதிரி வராது" என்று மாமா சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை.

24 பிப்ரவரி, திங்கள்

தேக்சா தேய்த்தோம். புது ஈயம் கீறக்கூடாது என்று தேங்காய் நாரும் சாம்பலும் மட்டும். நாள் முழுக்க.

26 பிப்ரவரி, புதன்

அரசு அரிசி வந்தது. நோன்புக் கஞ்சிக்காக மாநிலம் முழுவதும் பள்ளிவாசல்களுக்கு இந்த வருஷம் 7,920 டன் பச்சரிசி. அதில் எங்கள் பங்கு பன்னிரண்டு மூட்டை. மீதி ஆறு மூட்டை வசூலில்தான். கிடங்கிலிருந்து மினி லாரியில் ஏற்றி, நேரே மில்லுக்கு. முழு அரிசியில் கஞ்சி குழையாது, நொய்யாக உடைக்க வேண்டும். அதிலும் ஒரு பதம் உண்டு. ஒரு அரிசி மூன்றாக உடைந்தால் நொய், அதற்கு மேல் போனால் மாவு, கஞ்சி பசையாகிவிடும். மில்காரர் முதல் படியை என் கையில் கொட்டி, இது போதுமா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? வீடியோ கால் போட்டுக் காக்காவிடம் காட்டினேன். "கையைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வா" என்றார். பிறகு, "சரி."

மில்லில் ஒரு கலவரம். கூட வந்த பையன் ஒருவன் டம்ளர் தண்ணீரில் அரிசியைப் போட்டிருக்கிறான். நாலைந்து அரிசி மணிகள் மேலே மிதந்தன. "மாமா, பிளாஸ்டிக் அரிசி!" மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் கலந்து, அரிசி வடிவத்திலேயே அச்சில் பிழிந்து எடுப்பது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கிறார்கள். உள்ளே காற்று இருப்பதால் சில மணிகள் மிதக்கும், அவ்வளவுதான். மிதப்பதைக் கழுவி ஊற்றினால் சத்தைத்தான் ஊற்றுகிறோம் என்று விளக்கினேன். பையன் தலையாட்டினான். டம்ளரை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போய் உம்மாவிடம் காட்டுவேன் என்றான்.

2020 ஞாபகம் வந்தது. ஊரடங்கில் பள்ளி பூட்டிக் கிடக்க, இதே அரிசியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வீடு வீடாகக் கொடுத்தோம். அவரவர் வீட்டில் அவரவர் கஞ்சி. காக்கா அந்த மாதம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

27 பிப்ரவரி, வியாழன்

இரண்டாம் வெள்ளோட்டம். காக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து கொட்டகையில் வைத்தோம். அடுப்பைப் பார்த்ததும், பழைய இரும்புத் தகடு எங்கே என்றார். பரண்மேல் இருந்தது. கேஸுக்கும் தேக்சாவுக்கும் நடுவில் அதை வைக்கச் சொன்னார். சீறல் அடங்கி, சூடு அடி முழுக்கப் பரவியது. நாலு நாளாக நான் யோசித்து வராதது.

எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம். பிறகு வெங்காயம், ரம்பை இலை, இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், தக்காளி, கொஞ்சம் கொத்துக்கறி. ஏழு குடம் தண்ணீர். கொதி வந்ததும் பருப்பும் வெந்தயமும், அவை பாதி வெந்தபின் நொய். அதிலிருந்து துடுப்பு நிற்கவே கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, அடியைத் தொட்டு இழுக்க வேண்டும். காக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"சத்தம் மாறுது பாரு. சளசளன்னு இருந்தது குபுக்குபுக்குன்னு வருது. தண்ணி கேக்குது."

கேட்கும் என்று அன்றைக்குச் சொன்னது இதைத்தான். இரண்டு குடம் வெந்நீர் ஊற்றியதும் மறுபடி சளசள. கொஞ்ச நேரத்தில் மறுபடி குபுக். இன்னும் ஒரு குடம். மொத்தம் பத்து. நோட்டில் இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் "குபுக் வந்தால் ஊற்று" என்று எழுதினேன். இறக்கும்போது ரசம்போல் நீர்த்திருந்தது. இவ்வளவு தண்ணியாகவா என்றேன். அடுப்பிலேயே பதமாக இருந்தால் நோன்பு திறக்கும்போது களியாகிவிடும், இரண்டரை மணி நேரம் நிற்க வேண்டிய கஞ்சி என்றார்.

850 கிராம் உப்பு. தேங்காய்ப்பாலும் புதினா மல்லியும் போட்டு மூடித் திறந்து, எல்லோரும் குடித்தோம். ருசி பார்க்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு. காக்கா இரண்டு மிடறு குடித்தார். "ஒரு அரைப் பிடி போடலாம்." 890 என்று திருத்தி, கேள்விக்குறியை அடித்தேன்.

28 பிப்ரவரி, வெள்ளி

ஷஅபான் 29. மஃரிப் தொழுதுவிட்டுக் கடற்கரையில் பிறை தேடினோம். மேற்கே ஊர்ப் பக்கம் தென்னந்தலைகளும் மேகமும்தான். எட்டு மணிக்குமேல் தலைமை காஜியின் அறிவிப்பு வந்தது: பிறை தென்படவில்லை, ஞாயிறு முதல் நோன்பு. கணக்குப் பார்த்துப் பிடிக்கிறவர்கள் சிலர் நாளைக்கே தொடங்குகிறார்கள். எனக்கு ஒரு நாள் கூடக் கிடைத்ததில் சந்தோஷம். வெளியே சொல்லவில்லை.

1 மார்ச், சனி

தெருவில் எந்த வீட்டுக்குள் போனாலும் பூண்டு வாடை. மாமிமார்கள் உரித்து அரைத்து டப்பா டப்பாவாக அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் பேராவூரணிப் பக்கத்துத் தோப்புக்காரர் டிராக்டரில் வந்து இறங்கினார். வாப்பா காலத்திலிருந்தே பழக்கம். வருஷா வருஷம் கஞ்சிக்கு முந்நூறு காய் கொடுப்பவர். கஜா ஒரே இரவில் அவர் மரங்களைச் சாய்த்தபின் ஆறு வருஷமாகக் காய்க்குப் பதில் பணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். காய் முப்பது ரூபாய்க்குப் போகிற இந்த வருஷம், வேண்டாம் அண்ணே, வித்துடுங்க என்று நானே சொல்லியிருந்தேன். மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். நாற்பது ஐம்பதுதான், சின்னச் சின்னக் காய்.

"பத்தொம்பதுல வச்ச நெட்டைக் கன்னு தம்பி. இப்பதான் பாளை விட்டுருக்கு. மொதக் காய்."

கோயிலுக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். தண்ணீர்கூடக் குடிக்காமல் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

2 மார்ச், ஞாயிறு. ரமலான் 1, 1446

நாலு மணிக்கு இறக்கினோம். அடிப்பிடிக்கவில்லை. குபுக் எனக்கும் கேட்டது, இரண்டு தடவை துடுப்புக்காரப் பையனுக்கு எனக்கு முன்னாலேயே கேட்டது. உப்பு மட்டும் தெரியவில்லை. 890 நிறுத்துத்தான் போட்டேன், ஆனாலும் அஸர் தொழுகையில் நிற்கும்போது அதே நினைப்பு.

மதிலோரம் வரிசை நின்றுவிட்டது. தூக்குவாளி, குக்கர், ஒரு கிழவியிடம் ஐஸ்கிரீம் டப்பா. மூன்றாவதாக நின்றது பின்தெருப் பையன், ஏழெட்டு வயசிருக்கும். ஊற்றியதும் நகராமல் அங்கேயே மதிலில் சாய்ந்து, தூக்கின் மூடியில் கொஞ்சம் சாய்த்து ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தான். கரண்டியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு அவனிடம் போனேன்.

"உப்பு எப்புடி இருக்கு?"

மூடி காலியாகும்வரை பேசவில்லை.

"தெரியல பாய். இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, பாத்துச் சொல்றேன்."

ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டு, தூக்கை மூடிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஆறு இருபத்தைந்து வாக்கில் பாங்கு. பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கோப்பை. உப்பு சரியாகத்தான் இருந்தது. காக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் குடித்து முடித்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரம்பை இலையை வெங்காயத்துக்கு முன்னால் போட்டிருக்கலாம் என்றார்.

தராவீஹ் முடிந்து நோட்டில்: ரம்பை முதலில். கடைசியில் நின்றவர்களுக்குக் கெட்டியாகிவிட்டது, இரண்டாவது தேக்சாவுக்கு ஒரு குடம் கூட.