கிரவுன் பினியனும் டீசல் கணக்கும்

லாரியின் பின் அச்சில் உள்ள கிரவுன் சக்கரத்தின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைப்பது அச்சு விகிதம். கிரவுனில் 41 பல், பினியனில் 6 பல் என்றால் விகிதம் 6.83. பினியனில் 7 பல் இருந்தால் 5.86. முதல் ஜோடியில் டயர் ஒருமுறை சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் 6.83 முறை சுற்ற வேண்டும்; இரண்டாவதில் 5.86 முறை போதும். பினியனில் கூடும் அந்த ஒரு பல் எஞ்சின் உழைக்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

கணக்கு எளிது. 10.00-20 அளவு டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 3.2 மீட்டர் உருளும். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். டயருக்கு அது சுமார் 312 சுற்று. டாப் கியர் 1:1 ஆக உள்ள வண்டியில் எஞ்சின் 6.83 விகிதத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,135 சுற்றும், 5.86 விகிதத்தில் 1,830 சுற்றும் ஓடும். அதே வேகம், அதே லோடு. எஞ்சினுக்கு 300 சுற்று மிச்சம்.

சுற்று ஏழில் ஒரு பங்கு குறைந்ததால் டீசலும் ஏழில் ஒரு பங்கு குறையும் என்று எண்ணுவது தவறு. வண்டியை நகர்த்தத் தேவையான சக்தி மாறுவதில்லை. பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் உராய்விலும், காற்றை இழுத்துத் தள்ளுவதிலும், மின்விசிறி, பம்புகளை ஓட்டுவதிலும் வீணாகும் பங்குதான் சுற்றோடு சேர்ந்து குறைகிறது. ஆகவே மிச்சம் சில விழுக்காடுதான். மாதம் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அதுவே பெரிய தொகை.

இந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. விகிதம் குறைந்த அளவுக்கு, ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தின் இழுவையும் ஏழில் ஒரு பங்கு குறைகிறது. சமதளத்தில் டாப் கியரிலேயே நிற்கும் வண்டிக்கு இது பொருட்டில்லை. முழு லோடோடு மேடு பள்ளச் சாலையில் ஓடும் வண்டியோ சிறு ஏற்றத்துக்கும் டாப் கியரை விட்டு இறங்கும். சுற்று மீண்டும் ஏறி, மிச்சம் கரைந்துபோகும். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது கிளட்ச் தேயும். கல் குவாரி டிப்பருக்கு 6.83 ஏன் பொருந்துகிறது என்பதற்கு இதுவே விடை.

இறக்கத்தில் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் லோடு லாரியைப் பிடித்து நிறுத்துவதில் எஞ்சின் தடைக்குப் பெரும் பங்கு உண்டு. விகிதம் குறைந்தால் அதே கியரில் அந்தத் தடையும் குறையும். ஓட்டுநர் முன்பைவிட ஒரு கியர் கீழே இறங்கிப் பழக வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் அனுமதித்த விகிதத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு பின் அச்சுகளும் இழுக்கும் வண்டியில் இரண்டிலும் ஒரே விகிதம் இருப்பது கட்டாயம். பொருத்திய பின், கிரவுனின் சில பற்களில் வண்ணப் பசை தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். பசை அழிந்த தடம் பல்லின் நடுப்பகுதியில் விழுந்தால் பொருத்தம் சரி. அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனிப்பக்கம் ஒதுங்கினால் வெளியே நிற்கிறது. பற்களுக்கு இடையிலுள்ள ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட்டால் அச்சு ஊளையிடும், பல் உடையும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேகமானி கியர்பாக்ஸ் வெளித்தண்டின் சுற்றை எண்ணும் வண்டிகளில், விகிதம் குறைந்ததும் மீட்டர் குறைத்துக் காட்டும், 100 கி.மீ. ஓடினால் 86 கி.மீ. என்று பதிவாகும். லிட்டருக்கு உண்மையில் 4.2 கி.மீ. கொடுக்கும் வண்டி, மீட்டர் கணக்கில் 3.6 கொடுப்பதாகத் தெரியும். மீட்டரைத் திருத்தி அமைக்காத வரை எந்த மைலேஜ் கணக்கும் செல்லாது. டேங்கை விளிம்புவரை நிரப்பி, அதே தடத்தில், அதே அளவு லோடோடு, சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பல நடைகள் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

விகிதத்தைத் தீர்மானிப்பது வண்டி ஓடும் தடம். வழக்கமான லோடோடு வழக்கமான வேகத்தில் போகும்போது, டாப் கியரில் எஞ்சின் சுற்று மீட்டரின் பச்சைப் பட்டைக்குள் நின்றால் அந்த விகிதம் சரியானது. அப்படி நிற்கும் வண்டியின் பின் அச்சைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.