முட்டைக்கு ஏது தேதி?

எங்கள் வீட்டுக் கோழி இரண்டு வாரமாக முட்டை போடவில்லை. சேலையூரில் வாடகை வீடு. பின்னால் கொஞ்சம் கொல்லை இருக்கிறதே என்று ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கோழி. வேளாவேளைக்குத் தின்கிறது, நிழல் பார்த்துத் தூங்குகிறது, வேலை மட்டும் நடப்பதில்லை. எங்கள் ஆபீஸில் சேர்த்துவிட்டால் பிரமோஷனே வாங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை அம்மா வந்தாள். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கொல்லையில் ஒரே கொக்கரிப்பு.

"முட்டை போட்டிருக்குடா!"

"அது தினமும் இப்படித்தான் கத்தும் அத்தை. பசின்னு நினைச்சு அரிசி போடுவேன்" என்றாள் என் மனைவி.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குப் பின்னால், சருகுக்குள், 11 முட்டை! ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலேயே ஆகும். ஆக, மூத்த முட்டைக்கு வயது 10 நாளாவது இருக்கும். அதுவும் சென்னை மே மாதத்தில்.

எனக்குச் சட்டென்று மானேஜர் ஞாபகம் வந்தது. தன் நாலு வயதுப் பேத்திக்கு நாட்டுக்கோழி முட்டை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பச்சையா உடைச்சு ஊத்தினா குழந்தைக்குத் தெம்பு, தெரியுமோ?" மனைவிக்கு வளைகாப்பு வருகிறது, நாலு நாள் லீவு வேண்டும். கணக்கு நேராகிவிட்டது.

முட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தண்ணீர் வித்தை இருக்கிறதே! பக்கெட்டில் போட்டேன். 6 முட்டை சாதுவாகப் படுத்தன. 3 எழுந்து நின்றன. 2 மிதந்தன. மிதந்த இரண்டும் கூமுட்டை, சரி. படுத்த ஆறையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், மானேஜர் வீட்டுக்குப் போகிற பண்டம் பளபளப்பாக இருக்க வேண்டாமா? மனைவி ஒன்றை ஆம்லெட் போடக் கேட்டாள்.

"உனக்கு வேணாம், ஏழு மாசம்" என்றேன்.

அம்மா திரும்பினாள். "ஏன்டா, உன் பொண்டாட்டிக்கு ஆகாதது அந்தக் குழந்தைக்கு மட்டும் ஆகுமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் லீவு ஆசை விடவில்லை. தெருக்கோடியில் ரிட்டயரான கால்நடை டாக்டர் ஒருவர் இருக்கிறார். பையோடு அவரிடம் போனேன்.

"தண்ணி சொல்றது வயசு மட்டும்தான்" என்றார். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவை வழியாக உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல ஆவியாகப் போக, மொண்ணைப் பக்கத்துக் காற்றறை பெரிதாகும். முட்டை எழுந்து நிற்கும், பிறகு மிதக்கும். அவ்வளவுதான். சால்மோனெல்லா கிருமி இருந்தால் மூழ்குகிற முட்டையிலும் இருக்கும். வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. சில சமயம் கோழியின் வயிற்றிலேயே முட்டைக்குள் நுழைந்துவிடும். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயசானவர்கள் என்றால் பாதிப்பு அதிகம்.

"கழுவிட்டேன் சார்" என்றேன் பெருமையாக.

"அடப்பாவி! ஓட்டு மேலே இயற்கையா ஒரு பூச்சு இருக்கு. அதைத் தேய்ச்சு எடுத்துட்டு, ஓட்டுல இருந்த அழுக்கு உள்ளே போக வழி பண்ணியிருக்கே."

அடுத்த கேள்வி இன்னும் மோசம். "சேவல் உண்டா?"

எங்களிடம் இல்லை. எதிர்வீட்டுச் சேவல் மட்டும் சுவரேறி வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

"அப்போ கரு இருக்கலாம். இந்த வெயிலுக்குக் கோழி அடைகாக்கவே வேணாம், சூட்டுலேயே வளர ஆரம்பிச்சுடும். வெயில் காலத்துல ரெண்டு வேளையும் முட்டையை எடுத்துடணும். அன்னன்னிக்கு எடுத்து ஃப்ரிட்ஜில வெச்சா 3, 4 வாரம் பயமில்லை. வெள்ளை, மஞ்சள் ரெண்டும் கெட்டியாகிற வரைக்கும் வேக வைக்கணும். என்னிக்குப் போட்டதுன்னே தெரியாத முட்டையை எடுத்துட்டு வந்து என்னைக் கேட்கக் கூடாது."

பதினொன்றையும் கறிவேப்பிலை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கோழி ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. குழம்பு ரத்தான விஷயம் அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அம்மா ஒரு கூடையில் வைக்கோல் போட்டு, சமையலறை வாசலிலேயே வைத்தாள். செவ்வாய்க்கிழமை அதில் ஒரு முட்டை. துணியால் லேசாகத் துடைத்து, பென்சிலால் தேதி எழுதி, காட்டன் வைத்த டப்பாவில் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். பச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

மானேஜர் ஒற்றை முட்டையைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தார். பிறகு டிராயரைத் திறந்து என் லீவு லெட்டரை எடுத்தார்.

"முட்டைக்கு மறக்காமத் தேதி போடறீங்க. இதுல போடலியே?"