மழையைச் செதுக்கிய கைகள்



ஜப்பான் நாட்டு மரப்பலகை அச்சோவியம் ஒன்றின் நகலைச் சில ஆண்டுகளாகப் போற்றி வைத்திருக்கிறேன். 1857ஆம் ஆண்டு ஹிரோஷிகே என்னும் ஓவியர் வரைந்தது அது. எடோ நகரின் சுமிதா ஆற்றுப் பாலத்தில் திடீரெனப் பெருமழை கொட்டுகிறது. குடைகளுக்குள் ஒடுங்கியபடி சிலர் விரைகின்றனர். கீழே ஒருவர் மரத்தெப்பத்தைத் தனியே செலுத்திச் செல்கிறார். 1868இல் டோக்கியோ எனப் பெயர் மாறிய நகரம்தான் இந்த எடோ.

1855 நவம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கம் இந்நகரைச் சிதைத்தது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மறு ஆண்டே ஹிரோஷிகே தம் ஊரின் காட்சிகளை வரிசையாக வரையத் தொடங்கினார். அவ்வரிசையில் ஒன்றே இது. துயரின் சுவடு எதுவும் இதில் இல்லை. மழையில் நனைந்தும் தம் வழியே நடக்கும் மக்களே இருக்கின்றனர்.

ஆனால், என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. ஓவியர் தாளில் வரைந்து கொடுப்பதோடு அவர் கைவேலை முடிந்துவிடும். அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைக் குடைந்தெடுப்பவர் செதுக்குநர். மயிரிழை போன்ற அந்த மழைக்கோடுகளில் ஒன்று முறிந்தாலும் பலகை பழுதாகும். பின்னர் வண்ணத்திற்கொரு பலகையாக மை தடவி, இம்மியும் விலகாமல் தாளில் ஒற்றியெடுப்பவர் அச்சிடுபவர். வானத்துக் கருமை மெல்ல மெல்லக் கரைவது அவர் கைத்திறனே. எனினும், இத்தகைய படங்களில் ஓவியர் ஒப்பமும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செதுக்கியவர் பெயர் அரிதாகவே காணப்படும்.

என் தந்தையார் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஈயத்தின் கருமை அவர் விரல்களை விட்டு நீங்கியதே இல்லை. அவர் கோத்த நூல்கள் பல. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. அதற்காக அவர் வருந்தியதில்லை; ஆனால், ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

1887இல் வான்கோ இதே படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஹிரோஷிகேயின் புகழ் கடல் கடந்தது. அதனைச் சுமந்து சென்றவை செதுக்கியவர், அச்சிட்டவர் கைகளே.

ஆதலால் வாசகர்களே, அழகிய பொருளொன்றைக் காணும்போது "யார் படைத்தது?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, ஒரு பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.