மகன் இருக்கிறார் என்று எழுதினேன்

கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலத்தில், கிடைக்க வேண்டிய உதவித்தொகையைச் சிலருக்குக் கிடைக்கவிடாமல் செய்தவன் நான். பணம் கேட்டு யாரையும் அலைக்கழித்ததில்லை. அந்த ஒன்றை வைத்தே என்னை நேர்மையானவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

முதியோர் உதவித்தொகை கேட்டு மனு வந்தால், மனு கொடுத்தவர் ஆதரவற்றவர்தானா என்று கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும். பிறகு அது வருவாய் ஆய்வாளரிடம் போகும், கடைசியில் தனித் தாசில்தார் உத்தரவு போடுவார். பெரும்பாலும் நான் எழுதிய வரிதான் அந்த உத்தரவாகும். ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயமான ஜமாபந்தியில் ஒரு பெரியம்மா கொடுத்த மனு என்னிடம் வந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் டீக்கடையில் விசாரித்தேன். "அவங்களுக்கென்ன சார், பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்" என்றார்கள். 'மகன் பராமரிப்பில் உள்ளார், நிராகரிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மகன் ஊருக்கு வந்தே வருடக்கணக்காகிறது என்பதும், பெரியம்மா வேப்பங்கொட்டை பொறுக்கி விற்றுத்தான் சாப்பிடுகிறார் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒருவருக்கு மட்டும் நான் அப்படி எழுதவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? பயம். தகுதியில்லாத ஒருவருக்குப் பரிந்துரைத்துவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும், மெமோ வரும். தகுதியுள்ளவரைத் தள்ளிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என் பணிக்காலம் முழுவதும், 'இவருக்கு ஏன் கொடுக்கவில்லை' என்று ஒரு மேலதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. தள்ளுவது எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்புக்கான விலையை அந்த அம்மா கொடுத்தார்.

இத்தனைக்கும் வேறு வழி என் கண்ணெதிரிலேயே இருந்தது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. 2011 முதல் அரிசி அட்டைதாரர் எல்லோருக்கும் விலையில்லா அரிசி. அதே பெரியம்மா அதே ஊர்க் கடையில் மாதம் தவறாமல் அரிசி வாங்கினார். அதற்கு அவர் யாருமற்றவர் என்று நான் சான்று எழுத வேண்டியிருக்கவில்லை. என் கையெழுத்து தேவைப்பட்ட இடத்தில்தான் அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

தமிழ்நாட்டில் 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. மத்தியத் திட்டத்தில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007இல் இருந்த அதே 200 ரூபாய்தான். விலைவாசியோடு தொகையும் தானாக ஏற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொகையை எவ்வளவு உயர்த்தினாலும், வாசலில் என்னைப் போன்ற ஒருவன் நின்றால் அது உள்ளே போகாது. வயதும், சொத்து அதிகமில்லை என்பதும் போதுமான தகுதியாக வேண்டும். மகன் இருக்கிறாரா என்ற கேள்வியே விசாரணையில் இருக்கக்கூடாது. தவறாகக் கொடுத்ததைத் தேடும் தணிக்கை, தவறாக மறுத்ததையும் தேட வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விதி மாறும்வரை காத்திருக்காதீர்கள். மனு கொடுத்தவரின் வீட்டுக்குள் போய் உட்காருங்கள். போன மாதம் மகன் எவ்வளவு கொடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மறுத்தே ஆக வேண்டுமானால் காரணத்தை எழுதி அவர் கையில் கொடுங்கள். எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்லுங்கள். நான் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.