வக்கீல் ஆபீஸ் நடத்தும் தம்பிக்கு

மதுரை

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

ஜூனியர் பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான் என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாய். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை, நாமெல்லாம் சீனியரிடம் திட்டு வாங்கித்தானே தொழில் கற்றோம்" என்றாய். போனில் வாதாட வேண்டாம் என்று அப்போது விட்டுவிட்டேன். அடுத்த மாதம் ஒரு பெண் உன்னிடம் ஜூனியராகச் சேரப்போகிறாள் என்று அம்மா சொன்னதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

திட்டு வாங்கியவர்கள் தொழில் கற்றார்கள் என்பது பாதிக் கணக்கு. திட்டு தாங்காமல் கவுனைக் கழற்றி வைத்துவிட்டு பாங்க் பரீட்சை எழுதப் போனவர்களை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவர்களில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள் என்பது உனக்கும் தெரியும்.

வாய்தாவைக் கோட்டைவிட்டு, கட்சிக்காரர்மேல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால் ஜூனியரைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஏன் டைரியில் குறிக்கவில்லை, ரத்து செய்யக் கேட்கும் மனுவை 30 நாளுக்குள் போட வேண்டும் என்பது தெரியுமா என்று கேள். அது தொழில். அதே ஜூனியரைக் கட்சிக்காரர் எதிரில் நிற்கவைத்து, கேஸ் கட்டைத் தூக்கி வீசி, அவன் இங்கிலீஷைக் கேலி செய்து, "உங்கள் ஊரில் இதுதான் சொல்லிக்கொடுத்தார்களா" என்று கேட்பதில் தொழில் எங்கே இருக்கிறது? ராத்திரி பதினோரு மணிக்கு டிராஃப்ட் கேட்பதும், உன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரச் சொல்வதும், "என்னை விட்டுப் போனால் இந்தக் கோர்ட்டில் எவனும் உன்னைச் சேர்க்கமாட்டான்" என்று மிரட்டுவதும் இதே வகைதான். அப்பாவோ சித்தப்பாவோ வக்கீலாக இல்லாத பிள்ளைக்கு உன் ஆபீஸை விட்டால் வேறு வாசல் தெரியாது. அதனால்தான் அந்த மிரட்டல் பலிக்கிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 135 நாடுகளில் ஏறக்குறைய 7,000 பேரிடம் கேட்டு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொழிலில் கொடுமைப்படுத்தப்பட்டதாகச் சொன்னவர்கள், பெண்களில் இரண்டு பேருக்கு ஒருவர், ஆண்களில் மூன்று பேருக்கு ஒருவர். பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள், பெண்களில் மூன்றில் ஒருவர். அந்தத் தொல்லைகளில் நான்கில் மூன்று பங்கு புகாராகவே வரவில்லை. செய்தவரின் அந்தஸ்தும் பின்விளைவு குறித்த பயமும் வாயை அடைத்துவிட்டன. மற்றவர்களுக்காக வாதாடுவதே பிழைப்பாக உள்ளவர்களின் கதை இது!

உனக்கு நான் சட்டம் சொல்லத் தேவையில்லை. மில்களுக்கு உள்ளகப் புகார்க் குழு அமைத்துக் கொடுப்பதே உன் ஆபீஸ்தான். உன் ஆபீஸில் பத்துப் பேர்கூட இல்லாததால் அந்தக் குழு உனக்குக் கட்டாயமில்லை. ஆனால் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பயிற்சியாளரையும் பணியாளர் என்றே சொல்கிறது. சிறிய அலுவலகமானாலும், புகார் முதலாளி மேலேயே இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம். இதை உன் ஜூனியர்களில் யாருக்காவது சொல்லியிருக்கிறாயா?

அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. வக்கீல்களுக்கு பார் கவுன்சில் முதலாளி இல்லை, அதனால் வக்கீல்மேல் வக்கீல் பார் கவுன்சிலிடம் தரும் புகாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, தொழில் ஒழுங்கீனத்துக்கான வக்கீல்கள் சட்டம் 35ஆம் பிரிவில் போகலாம் என்று 2025இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் பையனுக்கோ தனிச் சட்டமே கிடையாது. அவனும் 35ஆம் பிரிவில் எழுதிப் பார்க்கலாம். எழுதினால் மறுநாள் பார் ரூமில் அவன் பெயர் என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சட்டம் விட்ட இடத்தை சீனியர்தான் அடைக்க வேண்டும்.

முதலில் ஸ்டைபண்டை ஒழுங்குபடுத்து. நீ இருக்கும் கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. தேதி தவறாமல் பாங்கில் போடு. காசுக்காக உன் முகம் பார்த்து நிற்பவன் எதையும் சகித்துக்கொள்வான்.

புகார் கேட்க உன் ஆபீஸுக்கு வெளியே ஒருவர் வேண்டும். உன்னிடம் கட்டணம் வாங்காத, உனக்குப் பயப்படாத ஒரு பெண் வக்கீலைக் கேட்டு ஒப்புக்கொள்ள வை. சேரும் நாளிலேயே அவர் நம்பரை ஜூனியர்கள், குமாஸ்தா, டைப்பிஸ்ட் எல்லோருக்கும் கொடு. உன்மேலும் புகார் சொல்லலாம் என்று உன் வாயாலேயே சொல்.

புகார் வந்தால் இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பஞ்சாயத்து பண்ணாதே. தனித்தனியாகக் கேட்டு எழுதி வை. விசாரணை முடியும்வரை யாரையாவது நகர்த்த வேண்டுமானால், புகார் சொன்னவளைக் கேட்காமல் அவளை நகர்த்தாதே. அவள் பெயர் வெளியே போகக்கூடாது. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தொல்லை கொடுத்தவன் பெரிய கட்சிக்காரனாக இருந்தால் வக்காலத்திலிருந்து விலகிக்கொள். ஃபீஸ் போனால் போகட்டும்.

போன பையனைக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லாதே. அவனுக்கு நிறுத்தி வைத்திருக்கும் இரண்டு மாத ஸ்டைபண்டையும் அனுபவச் சான்றிதழையும் இந்த வாரமே அனுப்பிவிடு. வேறு சீனியர் உன்னிடம் விசாரித்தால் அவன் வேலையைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல், குணத்தைப் பற்றிக் கதை கட்டாதே. அந்தப் பெண் வந்து சேருவதற்குள் இதையெல்லாம் முடித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா