வழியில் கிடைத்த இணைப்பு

ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தெருக்களில் நின்று பார்த்தால், வேளாங்கண்ணிக்குப் புறப்படும் வேன்களைக் காணலாம். மேற்கூரையில் பாய்களும் தலையணைகளும் கட்டப்பட்டிருக்கும். பின்புறத்தில் எரிவாயு அடுப்பும் அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேன்களும் இடம் பிடித்திருக்கும். மேலைநாடுகளில் படுக்கையும் சமையலறையும் அமைந்த ஊர்திகளில் மாதக்கணக்கில் வாழ்வோர் உண்டு என்று படிக்கிறோம். கேரள அரசும் 2021ஆம் ஆண்டில் அத்தகைய ஊர்திச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. நம் மக்களோ எந்தக் கொள்கையும் இன்றிப் பல ஆண்டுகளாக அந்த வாழ்க்கையை வருடத்தில் ஐந்து நாள் வாழ்ந்து வருகிறார்கள். வேனே வீடு, சாலையோரப் புளியமரமே சமையற்கட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம். பதினான்கு பேர். எங்கள் மூத்த அக்காள், ஏற்றுமதிக் காலணி ஆலை ஒன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவர். அத்தான் தோல் பதனிடும் ஆலையில் டிரம் பகுதியில் வேலை செய்கிறார். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவர்களுடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, பொறியியல் கலந்தாய்வில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் பிள்ளை அவள்.

இந்தக் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதற்கு முன்பெல்லாம் பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும், இரவு தங்க இடம் தேட வேண்டும். இப்போது வீட்டிலிருந்தபடியே கல்லூரிகளை வரிசைப்படுத்தலாம். ஆனால் தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, குறித்த கெடுவுக்குள் அதை ஏற்கிறோமா, மேலான இடத்துக்குக் காத்திருக்கிறோமா என்று உறுதி செய்தாக வேண்டும். தவறினால் அந்த இடம் கைநழுவிவிடும்.

ஒதுக்கீடு வந்த செய்தி, வேலூரைக் கடந்து ஆரணி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது கிடைத்தது. வேனுக்குள் ஒரே ஆரவாரம். கெடு மறுநாள் மாலை 5 மணி. "அப்பாவிடம் கேட்டுவிட்டு நாளைக்குப் போடலாம்" என்றாள் பெண். அத்தான் இரவுப் பணியில் இருந்தார். கையில்தான் கைபேசி இருக்கிறதே, எங்கிருந்தால் என்ன என்று நாங்களும் தலையசைத்தோம். அன்றிரவு சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்தில் வணங்கிவிட்டு, செஞ்சி சாலையோரம் படுத்துறங்கினோம். மறுநாள் காலையில் அத்தானும் அழைத்துச் சம்மதம் சொல்லிவிட்டார். சிதம்பரத்தில் குளித்துச் சமைத்துச் சாப்பிட்ட பரபரப்பில், வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததும் நிதானமாக உட்கார்ந்து அனுப்பலாம் என்று அதைத் தள்ளிப்போட்டோம்.

நண்பகலுக்குப் பின் வேளாங்கண்ணியை அடைந்தோம். கொடியேற்றத்திற்கு முன்னரே காவியுடை அணிந்த பாதயாத்திரைக் கூட்டம் கடற்கரை வரை நிறைந்திருந்தது. பெண் கைபேசியை எடுத்தாள். திரையின் மேல் மூலையில் நான்கு கோடுகளும் முழுமையாக இருந்தன. ஆனால் பக்கம் திறக்கவில்லை. வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி கடந்தது. ஒரு மணி கடந்தது. வேனில் இருந்த மற்ற நான்கு கைபேசிகளிலும் முயன்றோம். ஐந்தும் ஒரே நிறுவனத்தின் சிம் அட்டைகள். தெருமுனையில் குடை விரித்து விற்றபோது எல்லாரும் ஒன்றாகப் போய் வாங்கியவை. ஒன்றில் இல்லாத இணைப்பு மற்ற நான்கில் எப்படி இருக்கும்?

அந்தக் கோடுகளின் பொருளை நாங்கள் பிறகுதான் அறிந்துகொண்டோம். கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக நம்மிடம் வந்து சேர்கிறது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. அந்தக் கோபுரத்தை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. தெருக்குழாய் நம் வாசலிலேயே இருக்கலாம். அதன் முன் ஆயிரம் குடங்கள் வரிசையில் இருந்தால் நம் குடம் எப்போது நிறையும்? திருவிழாக் கூட்டத்தில் நேர்வது இதுவே. இதற்கெனச் சக்கரங்களில் கொண்டு வந்து நிறுத்தும் தற்காலிகக் கோபுரங்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. போதாததற்கு, வேனின் தகரக் கூடும் அலையைத் தடுக்கிறது. உள்ளே உட்கார்ந்து தேடுவதைவிட ஜன்னலோரமோ வெளியிலோ நின்று தேடுவது மேல்.

மணி மூன்றைத் தாண்டியது. அக்காள் எதுவும் பேசவில்லை. மகளுடைய கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் குனிந்த முதுகு அன்று இன்னும் கொஞ்சம் குனிந்தது போல் எங்களுக்குத் தோன்றியது. வேன் ஓட்டுநர் அண்ணன்தான் வழி சொன்னார்: "கூட்டத்தை விட்டு வெளியே போங்க. வண்டி நகராது, நடந்து போங்க. கம்பி வழியா நெட் வச்சிருக்கிற கடை ஏதாவது இருக்கும்."

நாங்கள் இருவரும் பெண்ணை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் சாலையில் நடந்தோம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஆலயத்தை நோக்கி வர, நாங்கள் மட்டும் அதற்கு முதுகு காட்டிச் சென்றோம். அலையைத் தேடித் தேடியே கைபேசியின் மின்கலம் வற்றிவிட்டது. இணைப்பு கிட்டாத இடத்தில் கைபேசி இடைவிடாமல் கோபுரத்தைத் தேடுவதால் மின்சாரம் விரைவில் தீரும் என்பது அன்று நாங்கள் கற்ற அடுத்த பாடம். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடந்த பின், ஒரு செராக்ஸ் கடை தென்பட்டது. உரிமையாளர் தலையில் தொப்பி அணிந்த முதியவர். தொழுகைக்குப் போகக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பூட்டைத் திறந்தார்.

அவருடைய கணினியில் பக்கம் உடனே வந்தது. ஆனால் கடவுச்சொல் கேட்டது. அவளுடைய கைபேசி அதை நினைவில் வைத்திருந்ததால் அவள் மறந்திருந்தாள். எழுதிவைத்த நோட்டு ஆம்பூரில், வீட்டு அலமாரியில். கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமானால், பதிவு செய்த கைபேசிக்கு வரும் எண்ணைத் தர வேண்டும். பதிவு செய்திருந்தது அத்தானின் கைபேசி. அன்று வராத ஒருவருக்கு மாற்றாக அவர் காலையிலிருந்தே ஆலைக்குத் திரும்பியிருந்தார். டிரம் பகுதியில் எங்கும் ஈரம். கைபேசியைச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்.

கடைக்காரரின் தொலைபேசியிலிருந்து ஆலையின் டைம் ஆபீசுக்குப் பேசினோம். அங்கிருந்த எழுத்தர் காவலாளியை அனுப்பினார். காவலாளி டிரம் பகுதிக்கு நடந்தார். அத்தான் கையைக் கழுவிக்கொண்டு பையை எடுக்க ஓடினார். இதற்குள் முதல் எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி கேட்டோம். அத்தானின் மூச்சு வாங்கும் குரலில் ஆறு இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெண் தட்டினாள். ஒதுக்கீடு உறுதியானபோது சுவர்க் கடிகாரத்தில் மணி 4.40. மறுமுனையில் அத்தான், "ஆச்சா?" என்றார். "ஆச்சுப்பா" என்றாள். அதற்குமேல் இருவராலும் பேச முடியவில்லை. கடைக்காரர் ஒரு தாளை அச்சிட்டு நீட்டினார். பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, மறுபடி கதவைப் பூட்டினார்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள். அப்போது சென்னை போன்ற ஒரு சில பெருநகரங்களில்தான் அது கிடைத்தது. 2016க்குப் பின் விலை மலிந்து கிராமங்களையும் எட்டியது. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவையும் வந்தது. வானில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேரே வண்டியின் கூரைக்கு இணைப்பைப் பெறும் தட்டுகளை வெளிநாட்டுப் பயணிகள் பயன்படுத்துகிறார்கள். அத்தகைய சேவைக்கு நம் நாட்டிலும் 2025இல் ஒரு நிறுவனம் உரிமம் பெற்றது. எத்தனை வந்தாலும் பயணத்தில் இணைப்பு உறுதி என்று யாரும் சொல்ல இயலாது என்பதே எங்கள் அனுபவம். ஆகவே இப்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறோம். கெடு உள்ள வேலையைப் புறப்படும் முன்னரே முடிக்கிறோம். வேனில் குறைந்தது இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். வழிக்கான வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைக்கிறோம். இணையம் நின்றாலும் சில வேளைகளில் குறுஞ்செய்தி சென்றுவிடும். அதற்கு மிகக் குறைந்த இடமே போதும். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்கிறோம். காகிதத்திற்கு மின்கலம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். எங்களுக்கு அது ஒரு பிற்பகலின் தவிப்பு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைக்கு ஏறுகிறவர்கள் காவலூரைக் கடப்பார்கள். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் விண்மீன்களிலிருந்து புறப்பட்ட ஒளியைப் பெற்றுக்கொள்கிறது. அதே மலையின் வளைவுகளில் கைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதை நாங்கள் கண்டிருக்கிறோம். மலை குறுக்கே நின்றால் அலை வளைந்து வருவதில்லை. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் கைபேசிக்கு மாறியபோது மலைக் கிராமங்களின் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? இணைப்பில்லாத ஊர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவையைக் கொண்டு செல்லும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. ஒப்புதலுக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு பிள்ளையின் பள்ளிப்பருவம் கடந்துவிடலாகாது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இணையம் கடவுளின் கொடை என்றார். அதே செய்தியில், அதை எட்ட இயலாதவர்கள் பின்தங்கிவிடும் ஆபத்தையும், எப்போதும் இணைப்பிலிருக்கும் ஆசை நம்மை அருகிலிருப்பவரிடமிருந்தே பிரித்துவிடும் ஆபத்தையும் சுட்டிக்காட்டினார். எரிகோ சாலையில் விழுந்து கிடந்தவனிடம் நின்ற நல்ல சமாரியரையும் நினைவூட்டினார். முதல் ஆபத்தை அன்று மாலை 5 மணிக்குள் கண்டோம். இரண்டாவதைக் காட்டியவர் எங்கள் பாட்டி.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் வேனின் கடைசி இருக்கையில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னோம். மகிழ்ந்தார். பிறகு, "ரெண்டு நாளா எந்த ஊரு போவுதுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது எங்களை அதிகம் தைத்தது. அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. வழியெல்லாம் நாங்கள் சொல்லக் கேட்டுத்தான் அவர் பயணம் செய்ய முடியும். பதினான்கு பேர் கொண்ட வேனில் ஐந்து கைபேசிகள் பேசிக்கொண்டிருந்தன. அவர் பேசுவதற்கு ஆள் இல்லை.

திரும்பும் வழியில் கைபேசிகளை ஒரு கூடையில் போட்டு அக்காளின் மடியில் வைத்தோம். சீர்காழி, சிதம்பரம், பண்ருட்டி என்று ஊர் ஊராகப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தோம். அவரும் தம் காலத்துக் கதைகளைச் சொன்னார். "போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கார்டு போடுவோம். நாங்க திரும்பி வந்தப்புறம்தான் அந்தக் கார்டு வரும். நாங்களே வாங்கிப் படிச்சுக்குவோம்" என்று அவர் சொல்ல, வேனே சிரித்தது.

அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்தாள். படிப்பு எளிதாக இல்லை. ஆயினும் விடாமல் படிக்கிறாள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் வேன் புறப்படும் முன் ஒரு தாளை எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுகிறாள். ஆலையின் டைம் ஆபீஸ் எண்ணும், வேளாங்கண்ணிக்கு முன்னுள்ள அந்தச் செராக்ஸ் கடையின் எண்ணும் அதில் முதலில் இருக்கும். பாட்டி கடைசி இருக்கையிலிருந்து முன் இருக்கைக்கு வந்துவிட்டார். போகிற வழியில் ஆர்க்காட்டிற்குச் சென்று மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொள்கிறோம். அந்தக் கடை வாசலில் வேன் ஐந்து நிமிடம் நிற்கும்.